மாகறல் காளானும் ஐயம்பேட்டைக் காளானும்

என் மாமியாருக்கு என் வேலையில் ஒரே ஒரு குறைதான். இவ்வளவு படித்தவள் காளானைப் பறித்துக்கொண்டுவந்து சமைக்காமல் காகிதப் பையில் போட்டு வைக்கிறேனே என்பது. நான் ஆராய்வது புற்றுக்காளான்களின் மரபணுவை. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ஐயம்பேட்டையில் முளைப்பதும் அந்தப் பக்கம் மாகறலில் முளைப்பதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு உறவு என்று பார்க்க வேண்டும். இதை அவரிடம் விளக்கியபோது, "காளானுக்கு ஜாதகம் பாக்குறியா?" என்று கேட்டார். அதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை.

மழைக்காலத்தில் இடி இடித்த கையோடு கிளம்பிவிட வேண்டும். தாமதித்தால் காளான் அழுகிவிடும். மாமியார் என்னைத் தனியாக விடமாட்டார். புற்றில் பாம்பு இருக்குமாம். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில், மடியில் மஞ்சள்தூள் பொட்டலத்துடன் வருவார். மாகறலில் சாமியே புற்றுக்குள் போய் ஒளிந்தவர் என்பதால், அங்கே எந்தப் புற்றைக் கண்டாலும் மஞ்சள் தூவிக் கும்பிட்ட பிறகுதான் என்னைத் தொடவிடுவார். நான் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அப்படி நிற்பது எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் எங்களுக்குள் ஒரு விஷயம் பேசப்படாமலே கிடந்தது. எனக்கும் என் கணவருக்கும் குழந்தை இல்லை. வைத்தியமெல்லாம் பார்த்து ஓய்ந்து, தத்தெடுக்கப் பதிந்திருந்தோம். விசாரிக்க வருபவர் வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் பேசுவார் என்று சொல்லியிருந்தார்கள். மாமியாரிடம் சொன்ன அன்று, "யார் பெத்த புள்ளையோ" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் கணவர் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவர். ஒரு பார்டருக்காக நாளெல்லாம் வாதாடுவார், அம்மா முன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். மாமியார் மனம் ஒப்பாத வீட்டுக்குள் ஒரு குழந்தையைக் கூட்டிவர எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மாகறல் போய்வந்த அலுப்பில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், பைகளெல்லாம் காலி. புற்றுக்கு ஒன்றாக அடையாளம் எழுதிப் பிரித்து வைத்திருந்த காளான்கள் மொத்தமும் ஒரே குண்டானில் மஞ்சள் தண்ணீரில் மிதந்தன. அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கி அழுவிப் பூடும்மா. மஞ்சள்ல அலசிட்டா விஷமும் இருக்காது" என்றார் மாமியார்.

எனக்கு வந்ததே கோபம். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டீங்களே அத்தை!"

"எல்லாம் காளான்தானே. ஒரே மாதிரிதான் இருக்குது."

"ஒரு புத்துல முளைக்கிறது பூரா ஒரே உயிரு. பக்கத்துப் புத்துல இருக்கிறது வேற!"

"பக்கத்துப் புத்து இதோட குட்டிதானே?"

"கரையான் வேணா குட்டியா இருக்கும், காளான் இல்ல. தனிக்குடித்தனம் போற ராணிக் கரையான் பொறந்த வீட்டுக் காளான எடுத்துக்கினு போவாது. வெறுங்கையோடதான் போவும். அப்புறம் அதோட புள்ளைங்க வெளிய போய், எங்கேர்ந்தோ வந்து விழுந்த வித்த எடுத்தாந்து உள்ள வச்சி வளக்கும். மனுஷன் பயிர் வைக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்தே அப்படித்தான் வளத்துக்கினு இருக்குது. அந்தக் காளான் இல்லன்னா அதுங்களுக்குச் சோறே கிடையாது!"

நான் பாடம் நடத்தவில்லை, கத்திக்கொண்டிருந்தேன். கத்தி முடித்த பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மாமியார் கரண்டியும் கையுமாக என் பக்கம் திரும்பினார்.

"எந்தப் புத்தோட வித்துன்னு பாக்காதா அது?" என்று கேட்டார்.

"பாக்காது அத்தை" என்றேன். என் குரல் தானாக இறங்கிவிட்டது.

அவர் வெங்காயம் தீயப் போகிறது என்று அடுப்பைத் தணித்தார். என் ஆராய்ச்சி அன்று குழம்பானது. நன்றாகவே இருந்தது, அதை மறைக்கக் கூடாது. இரண்டு தரம் ஊற்றிக்கொண்டேன். அந்தப் புற்றுகள் சிலவற்றில் அந்த வருஷம் காளான் மறுபடி முளைக்கவே இல்லை. என் கணக்கில் இன்றும் அவை காலியிடம்தான்.

கார்த்திகையில் விசாரிக்க ஒரு அம்மாள் வந்தார். என்னையும் கணவரையும் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, மாமியார் பக்கம் திரும்பினார். வேண்டாம் என்று மாமியார் சொல்லக்கூடத் தேவையில்லை. வழக்கம்போலப் பேசாமல் இருந்தாலே போதும், எல்லாம் முடிந்தது.

"இதுல உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதந்தாம்மா" என்றார் மாமியார். "நீங்க எப்போ புள்ளையக் குடுப்பீங்க?"

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போன என் கணவர் வெளியே வரவே இல்லை. நான் அந்த அம்மாள் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

மாமியார் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "அழுவாதடி. இதப் பாத்துட்டு அந்தம்மா குடுக்காமப் பூடப் போவுது."