பதினோராவது டேக்

பொய் சொல்வதானால் இதைவிட நல்ல பொய்யாகவே சொல்லியிருப்பேன். இது நடந்தது. அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன ஏப்ரல். போத்தனூரில் மூடிப்போன ஒரு மில்லின் தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகள். நானே எழுதி மெட்டுப் போட்ட முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தோம். கேமரா, நண்பன் சாமுவேலின் போன். டிராலி, என் சைக்கிள். லைட்டுக்குத் தெர்மாகோல் அட்டை. பாடியவள் சாமுவேலின் தங்கை கிருபா. அன்று மாலை 5.40 ரயிலில் நர்ஸ் வேலைக்கு பெங்களூர் போகிறாள். அன்றைக்கு விட்டால் வீடியோவே கிடையாது. அந்தப் பாட்டை அதுவரை எங்கள் மூவரைத் தவிர யாரும் கேட்டதுமில்லை.

"மூணு மணிக்குள்ள முடிச்சுப்போடுங்க கண்ணு," என்று கேட்டைத் திறந்துவிட்டார் வாட்ச்மேன் தம்பிதுரை.

பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கிருபா அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகமாக்கினால் உதடு பாட்டோடு சேரும். முடியும் துப்பட்டாவும் மட்டும் மெதுவாக மிதக்கும். யோசனை என்னுடையதுதான். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

12.10. முதல் டேக். வாய் பிந்தியது. 12.40. நான்காவது. அதுவும் வீண்.

"நாக்கு பொரள மாட்டீங்குதுங்ணா!"

"மறுபடி!" எரிந்து விழுந்தேன்.

1.25. ஏழாவது டேக். கிருபாவுக்குப் பின்னால் இருந்த சன்னல் திறந்திருந்தது. ஆறு டேக்கிலும் மூடியிருந்த சன்னல்.

"எவன்டா அதைத் தொறந்தது?"

"நான் தொடவே இல்லடா," என்றான் சாமுவேல்.

அந்த வீட்டுக் கதவில் துருப்பிடித்த பூட்டு. சன்னலை வெளியிலிருந்தே அறைந்து மூடினேன். டக்... எட்டாவது டேக்கில் மறுபடி திறந்திருந்தது. அப்போது எனக்குப் பயமே இல்லை. கோபம்தான்.

2.20. பதினோராவது டேக். இரண்டாவது சரணம் தொடங்கும்போதே சார்ஜ் தீர்ந்து ஸ்பீக்கர் நின்றது. கிருபா படியில் உட்கார்ந்து அழுதாள். நான் தெர்மாகோலை உடைத்து எறிந்தேன். வெறுங்கையோடு கிளம்பினோம்.

அவளை ரயில் ஏற்றிவிட்டு, வீட்டில் 7.15க்குப் படத்தைப் போட்டேன். பாதி வேகத்தில். ஒரு டேக்கிலும் கிருபாவின் உதடு ஒட்டவில்லை. கடைசி டேக்கில் சாமுவேல் கேமராவை நிறுத்த மறந்திருந்தான். கடுப்பில் அழிக்கப் போனேன்...

சன்னலுக்குள் ஒரு பெண்.

நீலச் சேலை. என் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு எழுத்து பிசகவில்லை.

ஸ்பீக்கர் நின்றது. கிருபா உட்கார்ந்தாள். சன்னலுக்குள் இருந்தவள் நிறுத்தவில்லை...

மீதிப் பாட்டை அந்தப் படத்தின் மேல் ஓட்டினேன்.

அவள் உதடு கடைசி வரிவரை சேர்ந்தது.

மறுநாள் தம்பிதுரையிடம் காட்டினேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"காளியாத்தாள். அந்த ஊட்லதான் இருந்துச்சு. செத்துப் பத்தொம்பது வருசமாச்சு."

"நல்லாப் பாடுவாங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பாட்டா? அது பொறவி ஊமை கண்ணு."