மலரின் விலாசம்

தேற்றாத்தீவில் நான் நடத்தும் தையல் நிலையத்துக்கு, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றைச் செய்வித்தேன். செய்த பிள்ளை அப்போதே எச்சரித்தாள். “சேர், ஆர் கேட்டாலும் இது தைக்கிற ஆக்கள்ட விலாசம் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிப்போடும். அனுமதி பார்க்கிற மாதிரி மாத்தட்டா?”

“வேணாம் புள்ள. கேக்கிறது நம்மட ஆக்கள்தானே.”

அடிக்கிற கணவனுக்குப் பயந்து வாகரையிலிருந்து வந்து எங்களிடம் தைத்தவள் மலர். அவன் சாட்பாட்டிடம் அவளுடைய விலாசத்தைக் கேட்டான், அது கொடுத்துவிட்டது. தேடி வந்தவனை அயலவர்கள் வாசலில் மறித்ததால்தான் அவள் தப்பினாள்.

மறுநாளே திருத்துவித்தேன். கேட்பவரின் தொலைபேசி இலக்கத்துக்கு அனுமதி உண்டா என்று சரிபார்த்த பிறகே இப்போது சாட்பாட்டுக்குத் தகவல் போகிறது.

ஊரை விட்டுப் போகும்போது மலர் கேட்டாள். “என்ட விலாசத்தை அவருக்கு ஆரு சேர் சொன்ன?”

“மெஷின்தான் புள்ள” என்றேன்.

நம்பினாள். போகிற இடத்தின் விலாசத்தையும் என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள்.