புகை எழும் வரைக்கும்

ஓய்ரிக் தன் அடுப்பை அணையவிட்டதே இல்லை. சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகள்தான் அங்கே விறகு. படுக்கும்முன் கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பாள், விடிந்ததும் கிளறி ஊதுவாள். வெள்ளைக்காரச் சீமையின் வடகோடி மலைநாட்டில், அந்த டோரன் பள்ளத்தாக்கில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலைதான். இவளுக்கு மட்டும் அதில் உயிரே இருந்தது.

காரணம், குலத்தலைவர் கொடுத்த வாக்கு. பிரெஞ்சுக்காரனோடு சண்டை நடந்தபோது பட்டாளத்துக்கு ஆள் திரட்ட அவரே வாசலுக்கு வந்தார்.

"மூத்தவனைக் குடு தாயி. இந்தக் கூரையில புகை எழுற வரைக்கும் உன்னை யாரும் கிளப்ப மாட்டாங்க."

குலத்துக்குக் 'கிளான்' என்று பெயர். அவர்கள் பாஷையில் அதற்குப் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம். அப்படியென்றால் தலைவர்தான் எல்லாருக்கும் அப்பன். அப்பன் பிள்ளைகளை ஏமாற்றுவானா? மூத்தவன் டொர்க்கிலை அனுப்பி வைத்தாள். அவன் ஸ்பெயினில் செத்துப்போனான். வாக்கு மிஞ்சியது.

பிறகு அப்பனுக்கு ஆடுகள் மேல் பாசம் வந்துவிட்டது. மனிதர்களைவிட ஆடுகளால் வருமானம் அதிகம் அல்லவா! ஆட்டு மேய்ச்சலுக்காக வீடுகளைக் காலி செய்ய வைக்கத் தலைவரின் காரியஸ்தர் ஆட்களோடு வந்தபோது, கைக்குழந்தை லாக்லனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓய்ரிக் நிதானமாகக் கூரையைக் காட்டினாள்.

"புகை தெரியுதுங்களா? தலைவர் வாக்கு இருக்கு."

"அவ்வளவுதானா?" என்றார் காரியஸ்தர். உள்ளே போய், அவள் கறந்து வைத்திருந்த பாலைத் தூக்கி அடுப்பில் கொட்டினார். புஸ்ஸென்று சீறி அடங்கியது. "இப்ப எங்கம்மா புகை?"

அப்புறம் கூரைக்குத் தீ வைத்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு புகை அதற்குமுன் எழுந்ததில்லை. அதை யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆடுகூட மேயாத கடற்கரைப் பாறையில் அவளுக்கு ஒரு துண்டு இடம் ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி மறுபடி அடுப்பு மூட்டினாள். லாக்லன் மீன்பிடித்து வளர்ந்து ஆளானான்.

அவனுக்கு மீசை அரும்பிய வருஷம், சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். தலைவரின் மகன்; இப்போது இவர்தான் தலைவர். தன் படையோடு இந்தியா போகிறாராம், ஆள் வேண்டுமாம். வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருக்க அவள் வளர்ப்பு இடம் தரவில்லை. இருந்த ஒரே முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"இளையவனைக் குடு தாயி. நாமெல்லாம் ஒரே கிளான்தானே?"

ஓய்ரிக் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று வைத்திருந்த பாலை எடுத்தாள். அவர் பார்க்கப் பார்க்க அடுப்பில் கொட்டினாள்.

"இந்த வீட்டுல புகை இல்லைங்க ஐயா. புகை இல்லாத வீட்டுல ஆளு ஏது?"

அவர் எழுந்து போய்விட்டார்.

இருட்டியதும் லாக்லன் கடலிலிருந்து நனைந்து வந்தான். வீடு சில்லிட்டுக் கிடந்தது, சட்டி காலி.

"என்னம்மா, அடுப்பு அணைஞ்சு கிடக்கு? யாராவது வந்தாங்களா?"

"அப்பன் வந்திருந்தான்" என்றாள் ஓய்ரிக்.