கொசோவோக்காரரின் போர் முடிந்த கோடை

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத் தமிழர் இரத்தினசிங்கத்தை ‘பிபிசி அண்ணை’ என்றுதான் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரச செயலகத்தில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்தாறில் கிழக்கு ஜெர்மனி வழியாக டென்மார்க் வந்து, பன்றி வெட்டும் தொழிற்சாலையில் தோள்மூட்டு தேயும்வரை வேலை செய்தார். பிறகு கொமூன என்ற நகரசபை அவரை ஊருக்கு வெளியே இருந்த அகதி முகாமின் உடுப்புக் களஞ்சியத்தில் போட்டது. வந்து சேருபவர்களுக்கு அளவான கோட்டும் சப்பாத்தும் எடுத்துக் கொடுப்பார். வீடு திரும்பினால் வானொலிதான். லண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி முடியும்வரை அவருடைய மனைவி சரோஜினிதேவி சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கமாட்டார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் கொசோவோக்காரர்கள் பஸ்களில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்கெண்டர். ஊரில் பஸ் ஓட்டியவர். மனைவியோடு மட்டும் வந்திருந்தார். எல்லைக்குப் போகும் வழியில் சேர்பியக் காவலர்கள் மகனை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஸ்கெண்டர் முன்பு ஜெர்மனியில் கட்டட வேலை செய்தவர். இரத்தினசிங்கத்துக்கும் கொஞ்சம் ஜெர்மன் தெரியும். இரண்டு பேரும் களஞ்சிய வாசலில் நின்று சிகரெட் புகைத்தபடி அந்த அரைகுறைப் பாஷையில் கதைப்பார்கள்.

அந்த ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் அமெரிக்காவில் ஓர் உரை ஆற்றினார். இன அழிப்பை ஒரு நாட்டின் உள்விவகாரம் என்று சொல்லி உலகம் ஒதுங்கி நிற்க முடியாது என்பது அதன் சாரம். இரத்தினசிங்கம் அதை வானொலியில் கேட்டார். மறுநாள் டேனிஷ் பத்திரிகையிலும் தேடி வாசித்தார்.

“சரோ, கேட்டனீரே? இது எங்கடை கதையெல்லோ?”

“அவர் கொசோவோவைச் சொல்லுறார். வன்னியைச் சொல்லேல்லை.”

“இண்டைக்கு அங்கை, நாளைக்கு எங்களிட்டை. எங்கடை நாட்டை ஆண்டு, சிங்களவற்றை கையிலை குடுத்திட்டுப் போனவங்கள் இவங்கள்தானே? அவங்களுக்குத் தெரியும். உம்மடை தம்பியைப் பாக்க நாங்கள் போவம், இருந்து பாரும்.”

சரோஜினிதேவியின் ஒரே தம்பி குணசேகரம் வன்னியில் இருந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் ஒரு சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கொட்டில் போட்டிருந்தார். நாள்தோறும் கணவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவரும் நம்பத் தொடங்கினார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, “இண்டைக்கு என்ன சொன்னவங்கள்?” என்று தானே கேட்கும் அளவுக்கு நம்பினார்.

ஜூனில் சேர்பியாமீது நேட்டோ நடத்திய குண்டுவீச்சு நின்றது. பிரித்தானியப் படைகள் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவுக்குள் நுழைவதை முகாமின் சாப்பாட்டு மண்டபத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். டாங்கிகளின்மேல் பூக்கள் விழுந்தன. பெண்கள் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். ஸ்கெண்டர் இரத்தினசிங்கத்தின் கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் சேர்த்தார். தோள்மூட்டு வலியோடு அவரும் ஆடினார்.

அடுத்த வாரமே விடுப்பு எடுத்து, எஸ்பியே துறைமுகத்திலிருந்து கப்பலில் இங்கிலாந்து போனார். லண்டனில் அவருடைய பழைய கச்சேரி நண்பர் சிறீஸ்கந்தராசா, ஆளும் கட்சி எம்.பி. ஒருவரைச் சந்திக்க ஒழுங்கு செய்திருந்தார். தேர்தலுக்கு முன் தமிழர் மண்டபத்துக்கு வந்து, மாலை போட்டுக்கொண்டு, தமிழருக்குக் குரல் கொடுப்பேன் என்று சொன்னவர் அந்த எம்.பி.

நூலகத்தின் பின்னறையில் சந்திப்பு நடந்தது. எம்.பி. மரியாதையாக எழுந்து கைகொடுத்தார். இரத்தினசிங்கம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

“உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது,” என்றார் பிறகு. “ஆனால் கொசோவோ ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் எங்கள் கூரையில் பிடித்த மாதிரி. நேட்டோவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றாக நின்றன. இலங்கை பொதுநலவாய நாடு, எங்களுக்கு நட்பு நாடு. பேச்சுவார்த்தையை ஊக்குவிக்கலாம். அதற்கு மேல் எதுவும் இல்லை.”

“உங்கடை பிரதமர் அப்படிச் சொல்லேல்லையே,” என்றார் இரத்தினசிங்கம். ஆங்கிலத்தில் தொடங்கியவருக்கு அந்த இடத்தில் தமிழ்தான் வந்தது. சிறீஸ்கந்தராசா மொழிபெயர்த்தார்.

எம்.பி. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “இன்னொன்றையும் நண்பராகச் சொல்கிறேன். பயங்கரவாதம் பற்றிப் புதிய சட்டம் வரப்போகிறது. எந்தக் கூட்டத்துக்குப் போகிறீர்கள், எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.”

வீட்டுக்கு வந்ததும் சரோஜினிதேவி வாசலிலேயே கேட்டார். “என்ன சொன்னவர்?”

“தேத்தண்ணி தந்தவர்,” என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

முகாமில் ஆட்டம் அடங்கியிருந்தது. போர் முடிந்துவிட்டது, இனி ஊர் திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அதிகாரிகள் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். ஜூலையில் ஸ்கெண்டருக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சோளத் தோட்டத்தில் புதைகுழியைத் தோண்டியிருக்கிறார்கள். சட்டையையும் பற்களையும் பார்த்து அடையாளம் சொல்ல ஆள் வேண்டும்.

புறப்படும் நாளன்று அவர் களஞ்சியத்துக்கு வந்தார்.

“ஆங்கிலேயர் வந்தார்கள்,” என்றார் ஸ்கெண்டர். “நல்லது. என் மகனுக்குப் பிந்திவிட்டது. உங்களுக்கு எப்போது வருவார்கள்?”

“வரமாட்டார்கள்,” என்றார் இரத்தினசிங்கம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

செப்டெம்பரில், மழை பிடித்த ஒரு பின்னேரம், வவுனியாவிலிருந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். சந்தையில் விமானக் குண்டு விழுந்தது. குணசேகரம் கொட்டிலுக்குள்ளேயே முடிந்துபோனார். மனைவிக்குக் காலில் காயம்.

சரோஜினிதேவி சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தார். அழுகை ஓய்ந்தபிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் நம்பாமல்தானே இருந்தனான். நீங்கள் ஏன் என்னை நம்பப் பண்ணினீங்கள்?”

இரத்தினசிங்கம் பக்கத்தில் போய் இருந்தார். மனைவி விலகவும் இல்லை, சாயவும் இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் செய்தி கேட்பது நின்றுபோனது. இரண்டாயிரத்தொன்றில், வன்னியில் போரிட்ட இயக்கத்தைப் பிரித்தானியா தடைசெய்தபோது, ஒடென்சே நகரிலிருந்து தேவராஜா என்பவர் அழைத்தார். லண்டனுக்கு ஒரு தூதுக்குழு போகிறது, ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவை என்றார்.

“நீங்கள் போட்டு வாங்கோ, தம்பி. போகவேண்டாம் எண்டு சொல்லமாட்டன். நான் வரேல்லை.”

அவர் முகாமில் வேலையைத் தொடர்ந்தார். இரண்டாயிரத்து மூன்றில் பிரித்தானியாவோடு சேர்ந்து டென்மார்க்கும் ஈராக் போருக்குப் போனது. முகாமில் அப்போது ஈராக்கியர்கள் பலர் தங்கியிருந்தார்கள். ஒரு பெண் தன் மகளுக்குக் குளிர்க்கோட்டுப் போட்டுப் பார்த்தபடி, தெரிந்த டேனிஷில் அவரிடம் கேட்டாள், இந்தப் போருக்குப் பிறகு எங்கள் ஊர் நன்றாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா என்று.

“எனக்குத் தெரியாது, அம்மா,” என்று டேனிஷில் தொடங்கித் தமிழில் முடித்தார். பிறகு குனிந்து, பிள்ளையின் கோட்டுக் கை நீளம் சரியா என்று பார்த்தார்.