மல்லிகைக்கு வரப்பு கட்டினேன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கூலியாளாக இருந்து, போராடிப் பட்டா வாங்கி, குடவாசல் பக்கம் மாடி வீடே கட்டிவிட்டேன். நெல்லில் எனக்குத் தெரியாதது கிடையாது. பூச்செடி மட்டும் என் மனைவி பார்த்துக்கொண்டது.

பட்டா கிடைத்த வருஷம் வாசலில் அவள் நட்ட மல்லிகை, அவள் போன பிறகும் பூத்தது. சென்ற வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, செடி வாடியது. நான் சுற்றி வரப்பு கட்டி, போர்வெல் தண்ணீரை வயல் போலத் தேக்கினேன். இலை மஞ்சளாக ஆக ஆக, இன்னும் தண்ணீர் விட்டேன். செடி பட்டுப்போனது.

மாற்றுச் செடி கொண்டுவந்த நர்சரிக்கார அம்மா பழையதைப் பிடுங்கினார். வேர் அழுகி நாறியது.

"ஏங்கய்யா, மல்லிய நடவு வயல்னு நெனச்சீங்களா? இது தண்ணியில்லாம சாகலீங்க. நீங்கதான் முழுகடிச்சிட்டீங்க."

"அறுவது வருஷமா வெவசாயம் பாக்குறவன்மா நான்" என்றேன். பிறகு அந்த வேரை வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

இப்போதெல்லாம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். புதுச் செடி நன்றாகப் பூக்கிறது. பறித்து அவள் படத்துக்கு வைக்கிறேன். "இது நீ நட்டது இல்ல, புள்ள" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.