காலிக் கட்டில்

பீரோக்காரர் என்றால் பீரோ விற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் இருந்ததே ஒரே ஒரு பீரோ, அதுவும் கதவு சரியாகச் சாத்தாது. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் முப்பத்தோரு வருடமாக அவர் பிழைப்பு. கண்ணாடி பதித்த பீரோவை நான்காவது மாடியிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் இறக்குவார். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் கீழ்ப்பக்கம் நிற்பவன் தோளில்தான் பாரம் முழுக்க இறங்கும். அந்தப் பக்கத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மற்றபடி சாமர்த்தியம் போதாத மனிதர். கூட வேலை செய்தவன் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவன் கம்பி நீட்டிவிட்டான்.

கோர்ட்டிலிருந்து தபால் தபாலாக வந்தது. பிரித்தால்தானே கவலை என்று அலமாரி மேல் போட்டு வைத்தார். கடைசியில் ஒரு நாள் காலை ஜப்தி உத்தரவோடு கோர்ட் அமீனாவே வந்து நின்றான். சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை. கூட இரண்டு ஆட்கள்.

அவர் மனைவி அப்போது கட்டிலில் படுத்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கட்டிலின் உயரம் அவளுக்கென்றே அளந்து செய்தது மாதிரி. காலைத் தொங்கப் போட்டு, தலைமாட்டுச் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். கழிப்பறை நாலு அடி தூரம். சுவரைப் பிடித்தபடி தானே போய் வருவாள். ஒருத்தர் கையை எதிர்பார்க்காமல் அவள் செய்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

மேசை போயிற்று, நாற்காலிகள் போயின, சாத்தாத பீரோவும் போயிற்று. வாசல் நிலையில் இரண்டு இடம் பெயர்ந்தது. பீரோக்காரர் நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை.

"சார், பார்த்து எடுக்கச் சொல்லுங்க."

"ஊர் சாமானையெல்லாம் தூக்குற கழுதைதானே நீ? உன் சாமானைத் தூக்கினா மட்டும் வலிக்குதோ?" என்றான் அமீனா. மாடிப்படியில் அக்கம்பக்கத்தவர் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்டது.

அடுத்தது கட்டில். அவள் படுத்திருக்கும்போதே அந்த இருவரும் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். "டேய் டேய்! ஆளை வச்சுக்கிட்டா தூக்குவீங்க?" என்று ஓடிப்போய் அவளை அள்ளி எடுத்து, சுவரோரம் போர்வையை விரித்துக் கிடத்தினார். அதற்குள் கட்டிலை வெளியே கொண்டுபோய்ப் படித் திருப்பத்தில் சிக்க வைத்துவிட்டார்கள். ஒருத்தன் அதன் காலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். பீரோக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டுக் கீழ்ப்பக்கம் போய் நின்றார். "தலைமாட்டைச் சாய்டா. இன்னும் சாய். ஆங், இப்ப விடு." மூன்று மாடியும் இறங்கியாயிற்று. வண்டியில் ஏற்றி, உரசாமல் இருக்கச் சாக்கை மடித்துச் செருகி, கயிறு போட்டு இறுக்கிய பிறகுதான் அது தன் கட்டில் என்று அவருக்கு உறைத்தது.

தரையிலிருந்து அவளால் எழ முடியவில்லை. பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்டுப் பார்த்தார். ஆடிச் சரிந்து, அவள் போட்ட அலறலோடு அந்த யோசனை முடிந்தது. அவர் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை அவள் அப்படியே கிடக்க வேண்டியதுதான். எனவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் தாகம் இல்லை என்பாள்.

கீழ்வீட்டில் தையல் வேலை செய்யும் பெண்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள். "நோயாளி படுத்திருக்கிற கட்டிலைத் தொடவே கூடாதாம் அண்ணே. புகார் குடுத்தா திரும்பக் கிடைக்கும். நான் எழுதித் தரேன். முதல்ல எதை எழுதட்டும்?"

"அவன் என்னைக் கழுதைன்னான். அதை எழுதும்மா."

"கட்டிலை எழுதச் சொல்லுங்க," என்றாள் மனைவி, தரையிலிருந்து.

"எழுதாம விடுவேனா?" என்றார். எழுதவும் செய்தார்கள், கடைசி வரியாக.

மூன்று வாரம் கழித்து கோர்ட் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தையற்காரப் பெண் சாட்சியாகக் கூட வந்தாள். அதிகாரி அம்மா நல்ல மாதிரி. பீரோக்காரர் கழுதை விஷயத்தை ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எத்தனை வீட்டுச் சாமானைத் தொட்டிருக்கிறேன், ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அமீனா தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்தபோது அவருக்கு மனசு நிறைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

"சரி, கட்டில்?" என்றார் அதிகாரி.

"காலிக் கட்டில்தான் மேடம். எடுக்கும்போது அதுல யாரும் இல்ல. அவரேதான் முன்வந்து இறக்கிக் குடுத்தார்," என்றான் அமீனா.

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா இறக்கினீங்க ஐயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவருக்கு என்ன இருக்கிறது? தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டார்களே! "ஆமாங்கம்மா. இவனுங்களுக்குத் திருப்பத்துல சாய்க்கத் தெரியல. காலை ஒடிச்சிருப்பானுங்க. நான்தான் கீழ்ப்பக்கம் நின்னு இறக்கினேன். ஒரு கீறல் விழல."

தையற்காரப் பெண் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "ஆளோட தூக்கினாங்க மேடம்! அதான் அண்ணன் அக்காவை இறக்கினாரு," என்றாள் படபடப்போடு. நீ பார்த்தாயா என்று கேட்டார்கள். அவள் படியில்தான் நின்றிருந்தாள், பார்க்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் தபால் வந்தது. இந்தத் தடவை, வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே பிரித்தார். மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். அமீனா பேசிய பேச்சு முறையற்றது, எழுத்து மூலம் கண்டிக்கப்பட்டிருக்கிறார், அலுவலகம் இதற்காக வருந்துகிறது. அந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நின்றுவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"கட்டிலை நானே மனசு ஒப்பிக் குடுத்ததா எடுத்துக்கிட்டாங்க. போன வாரமே ஏலத்துல வித்தாச்சாம்."

அவள் கையை நீட்டி அந்தக் காகிதத்தைத் தொட்டாள்.

"அவன் உங்களை அப்படிச் சொன்னது தப்புன்னு எழுதிட்டாங்க இல்ல?"

"ஆமா."

"அதுவரைக்கும் சந்தோஷம்ங்க," என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "காலையிலேருந்து அடக்கிக்கிட்டே கிடக்கேன். கொஞ்சம் தூக்கி விடுங்க."

அவர் காகிதத்தைத் தரையில் வைத்துவிட்டு அவளைத் தூக்கக் குனிந்தார்.