என் தம்பியின் வலது கால்

என் தம்பி பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே டெப்போ, ஒரு கீறல்கூடக் கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்குத் ‘தொட்டில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கூடத் தூங்கிவிடுவாராம். மற்றபடி அவன் எதிலும் கெட்டிக்காரன் இல்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டான், கடைக்காரன் மீதியைக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் ராஜா. எனக்கு அவன்மேல் கொஞ்சம் அதிகப்படியான பாசம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

என் கணவர் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். அவருடைய கார் என்னைவிட மூத்தது, ஐம்பத்தெட்டு வயசு. ஒன்பது வருஷம் பாடுபட்டு அதை எழுப்பி நிறுத்தினார். பல்லுக்கு மெருகு போடுகிற பிரஷ்ஷால் அதன் விளக்கு வளையங்களைத் தேய்ப்பார். “ஒரு திருகுகூட மாத்தல, எல்லாம் ஒரிஜினல்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சக்களத்திக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது என்று நான் எத்தனையோ முறை பொருமியிருக்கிறேன்.

பழைய கார்களின் கண்காட்சிக்குத் தம்பியோடு மூவரும் அதில்தான் போனோம், அவர்தான் ஓட்டினார். மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் வண்டிக்கு இரண்டாம் பரிசு என்று மைக்கில் சொன்னார்கள். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. சாவியைத் தம்பி கையில் திணித்து, “மாப்ள, நீ மேடைக்கிட்ட கொண்டு வந்துடு” என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மேடைக்குப் போகும் பாதை லேசான இறக்கம். கீழே ஒரு சிமென்ட் தூண். தம்பி பிரேக்கை மிதித்தான். அடுத்த நொடி தூண் எங்கள் மடிமேல் இருந்தது.

எனக்கு நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். காரின் முகம்தான் பல் கொட்டிய வாய் மாதிரி ஆகிவிட்டது.

“பிரேக் பிடிக்கல மாமா” என்றான் தம்பி. அவன் உதடு வெளுத்துப் போயிருந்தது.

என் கணவர் உள்ளே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். நாலு பேரைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னார். வண்டி இம்மிகூட அசையவில்லை. “கல்லு மாதிரி பிடிக்குது, பாரு” என்றார். அவ்வளவு கூட்டத்தின் நடுவில் சொன்னார். இடித்தவன் எவனும் பிரேக்கைத்தான் குறை சொல்வான் என்று யாரோ சிரித்தார்கள். தம்பி குனிந்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அடுத்த இருபது நாள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பேசிக்கொண்டிருந்தேன். நசுங்கிய விளக்கு சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டைப் போட்டால் இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தம்பியின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். தம்பியோ போனை எடுக்கவில்லை. விஷயம் டெப்போவுக்கும் போய், தொட்டில் கவிழ்ந்துவிட்டது என்று அங்கே கேலி நடந்ததாம். அவன் லீவு போட்டிருக்கிறான், வண்டி ஓட்டுகிற வேலையே வேண்டாம், நேரம் குறிக்கிற அறையில் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்று அவன் மனைவி அழுதாள். வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கையெழுத்துப் போடுவாராம். கையெழுத்து விழுந்துவிட்டால் திரும்ப ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் காரை டிங்கரிங் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் பெரிய உடம்பு, மெதுவாகப் பேசுகிற மனுஷர். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, தானே உட்கார்ந்து வண்டியை உள்ளே ஓட்டினார். நேராகப் போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களில் முட்டி நின்றார்.

இறங்கி வந்து, “என்ன சார், பிரேக்கே இல்ல?” என்றார்.

“ரெண்டு தடவை மிதிக்கணும்” என்றார் என் கணவர், குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்கிற மாதிரி. “கொஞ்ச நேரம் நின்னுட்டா முதல் மிதி சும்மா உள்ள போயிடும். ரெண்டாவதுல பிடிச்சுக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது என்று நினைக்கிறேன். முகத்தில் ஈயாடவில்லை.

“எத்தனை வருஷமா?” என்று நான் கேட்டேன்.

“அஞ்சு வருஷம் இருக்கும். உள்ள ரப்பர் தேஞ்சு போச்சு. மாத்தினா ஒரிஜினல் போயிடுமேன்னு…”

“அவன்கிட்ட சொன்னீங்களா?”

“எனக்கே மறந்து போச்சு. கால் தானா ரெண்டு தடவை மிதிச்சிடும். அன்னிக்கு வண்டியத் தள்ளச் சொன்னப்பவும் அப்படித்தான் மிதிச்சிருப்பேன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் என்னென்னவோ கேட்டேன். பட்டறைக்காரர் நல்ல மனுஷர், எதையோ தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார். இவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கையில் அழுக்கே இல்லை. கடைசியில், “நான் போய்ச் சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது, இல்ல?” என்றார். மிரட்டலாக இல்லை, நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு, “வா, போலாம்” என்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த மனுஷனை நான் மன்னிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

டெப்போவின் ஓய்வறையில் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பெஞ்சில் தம்பி, சாதாரணச் சட்டையில், மேனேஜர் கூப்பிடக் காத்துக்கொண்டு. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான், திட்டு வாங்கத் தயாராக.

என் கணவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்த பிரேக்கை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், அது தனக்குத் தெரியும், சொல்லவில்லை, அதன் பிறகு கூட்டத்தில் வைத்து இவனைப் பொய்யன் ஆக்கியதும் தான்தான் என்று. நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

தம்பி தன் வலது முழங்காலைத் தொட்டான்.

“அப்ப என் கால் இல்லையா மாமா?”

“இல்லப்பா.”

“டாக்டர்கிட்டகூடப் போனேன். சுத்தியலால தட்டிப் பாத்தார். ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னார், நான் நம்பல. நான் மிதிச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா நீங்க மிதிச்சா நின்னுச்சே. கால் செத்துப் போச்சு, அது எனக்கே தெரியலேன்னு நெனச்சேன். அறுபது பேர ஏத்திக்கிட்டு அப்படி ஆனா என்ன பண்றது?”

“உன் கால் இல்ல, மாப்ள. நான்தான்.”

தம்பி உட்கார்ந்து அழுதான். ஐம்பது வயசை நெருங்குகிற ஆள், கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் வெட்கப்படாமல் அழுதான். இருபது நாளாக இவன் தன் சொந்தக் காலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். நானும்தான் உள்ளுக்குள் சந்தேகப்பட்டேன். அதை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்க மேனேஜர் அறைக்குக் கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டான்.

“மாமா, அஞ்சு வருஷமா அந்த வண்டியிலதான் அக்காவ ஏத்திட்டுப் போனீங்களா?”

என் கணவர் என்னைப் பார்த்தார். பல்லை அல்ல, முகத்தைப் பார்த்தார். தம்பி கடிதத்தை வாங்க மேனேஜர் அறைக்குப் போனான்.